ஹாலின் மையப்புள்ளி

மைத்துனர் சோபாவில் புரண்டு படுத்தார். பதினெட்டாவது நாளாக.

"அத்தான், அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்களேன்."

எடை அளவு ஆய்வாளர் எழுந்து போய்க் கூட்டி வைத்தார். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தாலே தராசுகள் தாமாகவே நேராகிவிடும் என்று பேர். கிலோவுக்கு ஐந்து கிராம் குறைந்தாலும் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் சொந்த ஹாலில் எழுபத்தெட்டு கிலோ கூடுதலாகக் கிடப்பதை எப்படிக் குறைப்பது என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

அந்த சோபாவின் இடது மூலை அவருடையது. பதினோரு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து, அவர் உடம்புக்கென்றே அதில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அங்கே உட்கார்ந்தால் டி.வி. நேராகத் தெரியும். காற்று வரும். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் காதில் விழாது. இந்த உலகத்தில் அவருக்கென்று இருந்தது அந்த ஒன்றரை அடிதான். இப்போது அதில் மைத்துனரின் குதிகால்கள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

"ஒரு வேலையா வந்தேன் அத்தான். முடிஞ்சதும் கிளம்பிடுவேன்" என்று வந்த அன்று சொன்னதோடு சரி. என்ன வேலை என்று விசாரித்தால் மனைவிக்கு முகம் சுருங்கியது.

"என் தம்பி ரெண்டு நாள் இருந்தா உங்களுக்கு ஆகாதே!"

பதினெட்டை இரண்டாக நிறுக்கும் தராசை அவர் தன் பணிக்காலத்தில் எங்கும் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஒரு புத்தகம் கிடந்தது. தொடக்கநிலையாளருக்கான வீட்டு உள்ளலங்காரக் கையேடு.

"நூலகத்துல கண்ணுல பட்டுது, எடுத்துட்டு வந்தேன். சும்மா புரட்டிப் பாருங்க" என்றாள் மனைவி.

முதல் பக்கத்திலேயே அவருக்கு மூளையில் விளக்கெரிந்தது. 'ஓர் அறை, அதில் இருப்பவரின் மனநிலையையே மாற்றிவிடும்.' வாயால் போகச் சொன்னால்தானே உறவு கெடும்? அறையே போகச் சொன்னால்?

மூன்றாம் பக்கம்: 'நடக்கும் வழி தடையின்றி இருக்கட்டும்.' சோபாவை நடு ஹாலுக்கு இழுத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஆள் போய்வரும். அப்புறம் எவனுக்குத் தூக்கம் வரும்? ஆனால் சோபா நகர இடம் வேண்டுமே. நான்கு வருடப் பழைய பேப்பர், பிடியில்லாத பெட்டிகள், அவர் மொத்தம் மூன்றே முறை மிதித்த உடற்பயிற்சி சைக்கிள் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக வெளியேற்றினார்.

"அந்தக் கதவுக்குப் பின்னாடியும் பாத்துடுங்க" என்றாள் மனைவி, வாசற்படியில் நின்றபடி.

வேலை முடிந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. மைத்துனர் புது இடத்தில் படுத்துப் பார்த்தார்.

"அடடா! இப்பதான் அத்தான் ரெண்டு ஜன்னல் காத்தும் ஒண்ணா வருது."

அடுத்து ஒளி. 'நல்ல வெளிச்சம் சோம்பலை விரட்டும்' என்றது கையேடு. இரண்டு வருடமாகக் கண்ணடித்துக்கொண்டிருந்த ட்யூப் லைட்டை மாற்றினார். மூலைக்கு ஒரு விளக்கு மாட்டினார். ஜன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் தேய்த்ததில், எதிர் வீட்டில் மரம் இருக்கிற விஷயமே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மைத்துனர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். ஆய்வாளர் அவசரமாக அவர் பையை எடுத்து நீட்டினார்.

"வெளிச்சம் இல்லாமதான் அத்தான் இத்தனை நாள் தூங்கியே கழிச்சுட்டேன்" என்றவர், பையிலிருந்து தொள்ளாயிரம் பக்க நாவல் ஒன்றை எடுத்தார். "இதை முடிக்காம இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கிறதா இல்லை."

மையப்புள்ளி என்றொரு அத்தியாயம் இருந்தது. அறைக்குள் நுழைந்ததும் கண் போய் நிற்க வேண்டிய இடமாம். இப்போதைக்கு அந்தப் பதவியில் மைத்துனரின் தொப்பை இருந்தது. சுவர் ஒன்றுக்குச் சிவப்பு அடித்தால் பரபரப்பு உண்டாகும் என்று அந்தப் பக்கத்தின் கடைசி வரி சொன்னது. அவர் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிட்டு, சிவப்புப் பெயின்ட் டப்பா ஒன்றை வாங்கி வந்து திறந்தார்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஈரக் கறையைச் சுரண்டிடுங்க. இல்லேன்னா திரும்பவும் பூத்துடும்" என்றாள் மனைவி. ஆறு வருடமாக அவள் சொல்லிவந்த கறை அது.

சுரண்டினார். பூசினார். காய வைத்து அடித்தார். ஏணியிலிருந்து ஒருமுறையும் ஸ்டூலிலிருந்து இருமுறையும் இறங்காமலே தரைக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் சோதனைக்குப் போன இடத்தில் கடைக்காரர் பதறிப்போனார்.

"சார், காதுல என்ன ரத்தம்?"

"மையப்புள்ளி" என்றார் ஆய்வாளர், எடைக்கற்களைப் பார்த்தபடி.

பெரிய வியாதி போலிருக்கிறது என்று கடைக்காரர் விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் மைத்துனர் மூன்றாம் தட்டுச் சாப்பாட்டில் இருந்தார். "என்னமோ தெரியலை அத்தான், ரெண்டு நாளா அகோரப் பசி." ஆய்வாளர் ஓடிப்போய்க் கையேட்டைப் புரட்டினார். அடுத்த பக்கத்தின் முதல் வரி: 'சிவப்பு பசியையும் தூண்டும்.'

அடுத்தவன் தராசை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கிற மனுஷன், ஒரு பக்கம் திருப்பிப் பார்க்கவில்லையே என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். தட்டிய கையிலும் சிவப்பு.

"ஹாலை அடிச்ச கையோட, படுக்கையறை அலமாரிக் கதவையும்..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"படுக்கையறைக்கு இப்ப என்ன அவசரம்? அங்க விருந்தாளியா வந்து படுத்திருக்காங்க?"

"அது சரி" என்றாள் அவள், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு.

கடைசி அத்தியாயம், அளவுப் பொருத்தம். அவருடைய சொந்த ராஜ்ஜியம். 'சோபா, சுவரின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது.' அலுவலக டேப்பை எடுத்து வந்து அளந்தார். சுவர் ஒன்பது அடி. சோபா ஏழரை. தெளிவான விதிமீறல். இதே குற்றத்தை ஒரு தராசு செய்திருந்தால் அந்த நிமிஷமே பறிமுதல் செய்திருப்பார்.

இந்தப் பள்ளத்தை மீட்கத்தானே இத்தனை பாடு? பள்ளத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டு என்ன வெற்றி? ஆனால் பின்வாங்க முடியாத தூரத்துக்கு வந்துவிட்டார். பழைய சாமான் வண்டி வந்தது. மைத்துனரே ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தார். இடது மூலைப் பள்ளம் மாடிப்படியில் இறங்கி, வளைவில் திரும்பி மறைந்ததைப் பார்த்து மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினோரு வருடமாக "அந்தச் சனியனை எப்பத்தான் தூக்கிப் போடுவீங்க" என்று கேட்டவளுக்கே கண் கலங்குகிறதே என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

சோபா இருந்த இடத்தில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் வந்தன. முதுகு நேராக நிற்பவை. எப்பேர்ப்பட்ட சோம்பேறியாலும் அவற்றில் படுக்க முடியாது.

மைத்துனர் ஹாலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். போர்வையை மடித்தார். நாவலைப் பைக்குள் போட்டார். இருநூறாம் பக்கத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

"அக்கா, வந்த வேலை முடிஞ்சுது. கிளம்பட்டுமா?"

"மகராசனா போயிட்டு வாடா" என்றாள் அவள், தம்பி கையில் பெரிய பொட்டலம் ஒன்றைத் திணித்தபடி.

கதவு மூடியது. ஆய்வாளர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். இடுப்பு வலித்தது, காதில் இன்னும் சிவப்பு போகவில்லை, டி.வி. பக்கவாட்டில் தெரிந்தது, சமையலறைக் குரல் துல்லியமாகக் கேட்டது. போகட்டும். ஹால் கண்ணாடி மாதிரி மின்னியது. ஆளை நோகாமல் அனுப்பியாயிற்று. தொடக்கநிலையைத் தாண்டிவிட்டோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு காலை நீட்டப் பார்த்தார். நாற்காலி விடவில்லை.

அழைப்புமணி அடித்தது.

கதவைத் திறந்தார். குறட்டைக்குப் பேர்போன பெரிய மைத்துனர், மனைவியின் அண்ணன், கையில் பெட்டியும் அக்குளில் தலையணையுமாக நின்றிருந்தார்.

"வாங்க மச்சான்... என்ன திடீர்னு?"

பெரியவர் அவரைத் தாண்டி எட்டிச் சிவப்புச் சுவரையும் விளக்குகளையும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"தங்கச்சி போன் பண்ணுச்சு மாப்பிள்ளை. ஹாலைத் தம்பி முடிச்சுக் குடுத்துட்டானாமே, படுக்கையறைக்கு நான் வந்திருக்கேன்."