சுப்பீரியர்னா பெரிய கோர்ட்டுதானே?

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஃப்ரெண்டு சந்துருவைக் கார்ல ஏத்திக்கிட்டு கோர்ட்டுக்குப் போகணும், வரணும்.

தொண்ணூத்தெட்டாம் வருஷம், மக்களே. அமெரிக்காவுல பிஸ்கட்டவேங்கற ஊர்ல நாங்க இருந்த அபார்ட்மென்ட்ல ஒவ்வொரு தமிழனும் ஏதாவது ஒண்ணுல எக்ஸ்பர்ட். பழைய கார் வாங்கணும்னா ஒருத்தர். டாக்ஸ் ஃபைல் பண்ணணும்னா ஒருத்தர். சட்டம்னா நான்.

இந்தப் பதவி எப்படிக் கெடைச்சுதுன்னு கேக்கறீங்களா? ஒரு ஸ்பீடிங் டிக்கெட்டை எதிர்த்து டவுன் கோர்ட்டுக்குப் போனேன். டிக்கெட் குடுத்த போலீஸ்காரர் அன்னிக்கு வரலை. கேஸ் தள்ளுபடி. நான் வாயே தொறக்கலை!

ஆனா ஆளுக்கொரு சமையல் கொண்டுவர்ற பாட்லக் டின்னர்ல அதைச் சொல்லும்போது, நான் வாதாடி ஜட்ஜே அசந்துபோன மாதிரி வந்துடுச்சு. அன்னிலேர்ந்து எனக்குப் பேரு 'வக்கீல் சார்'.

சந்துரு ஈரோட்டுக்காரன். அவனும் அவன் பொண்டாட்டி ரேகாவும் பிரிஞ்சு இருந்தாங்க, டிவோர்ஸ் கேஸ் நடந்துக்கிட்டிருந்துச்சு. ஆறு வயசுப் பொண்ணு நித்யா, ரேகா கூடப் பக்கத்து ஊர் எடிசன்ல. வீக்கெண்டு மட்டும் இவன் கூட.

அந்தக் கோடையில ஈரோட்டுல இவன் தங்கச்சிக்குக் கல்யாணம். நித்யாவைக் கூட்டிட்டுப் போகணும்னு இவனுக்கு ஆசை. "போனா திரும்பி வருவீங்கன்னு என்ன கேரண்டி?"ன்னு ரேகா குழந்தையோட பாஸ்போர்ட்டைத் தரலை. அதனால பர்மிஷன் கேட்டுக் கோர்ட்டுல மனு போட்டிருந்தான்.

"வக்கீல் யாரையும் வெச்சுக்கலையா?"ன்னு கேட்டேன்.

"நீதான் இருக்கியே!"ன்னான்.

நல்ல மனுஷனா இருந்தா "ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா"ன்னு அங்கயே சொல்லியிருப்பான். நான் "விடு, பாத்துக்கலாம்"னேன்.

"பேப்பர்ல என்ன கோர்ட்டுன்னு போட்டிருக்கு?"

"சுப்பீரியர் கோர்ட்டு, ஃபேமிலி பார்ட்."

"சுப்பீரியர்னா என்ன? பெரிசு. எல்லாத்தையும் விடப் பெரிய கோர்ட்டு எது? ஃபெடரல், மத்திய அரசோடது. உன் பிரச்சனை என்ன? பாஸ்போர்ட். அதைக் குடுக்கறது யாரு? ஃபெடரல் கவர்ன்மென்ட்! ஃபெடரல் கோர்ட்டு நெவார்க்ல, நேரா அங்க போறோம்."

"கீழ நியூ பிரன்ஸ்விக்னு ஒரு அட்ரஸ் இருக்குடா."

"அது பில்லிங் அட்ரஸ்."

சொல்லும்போது எனக்கே என் மேல மரியாதை வந்துச்சு.

ஹியரிங் மத்தியானம்தான். ஆனா பெரிய கோர்ட்டுன்னா சீக்கிரம் போகணும்னு காலையிலயே நெவார்க்ல நின்னோம். வாசல்ல செக்யூரிட்டி, "என்ன விஷயமா வந்திருக்கீங்க?"ன்னார்.

கொரலைக் கனமாக்கிக்கிட்டு, "ஃபேமிலி"ன்னேன்.

"ஓ, ஃபேமிலியா? மேல போங்க. பெரிய ஹால். வாழ்த்துக்கள்!"ன்னு சிரிச்சார்.

"என்னடா, டிவோர்ஸ் கேஸுக்கு வாழ்த்துச் சொல்றாரு?"ன்னான் சந்துரு.

"ஃபெடரல்டா. மரியாதை தெரிஞ்சவங்க."

மேல போனா, ஹால் நெறைய கூட்டம். பட்டுப்புடவை, கோட்டு சூட்டு, கைக்குழந்தை, கேமரா. ஒரு அம்மா வந்து எங்க ரெண்டு பேர் கையிலயும் குட்டி அமெரிக்கக் கொடி ஒண்ணைத் திணிச்சுட்டுப் போச்சு.

"இத்தனை பேருக்கும் ஃபேமிலி கேஸா?" சந்துரு மெரண்டுட்டான். "எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்காங்களே!"

"முடியப்போகுதுன்னா சந்தோஷம்தானே!"

ஜட்ஜ் வந்தார். எல்லாரும் எழுந்து வலது கையைத் தூக்கினாங்க. சந்துரு என்னைப் பாத்தான்.

"தூக்குடா. ஹியரிங்குக்கு முன்னாடி சத்தியம் வாங்குவாங்க."

ஜட்ஜ் சொல்லச் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொன்னாங்க. நாங்களும் சொன்னோம். ஏதோ வெளிநாட்டு ராஜா, இளவரசர் எல்லாரோட விசுவாசத்தையும் கைவிடறேன்னு வந்துச்சு. சந்துரு முழங்கையால இடிச்சான்.

"ஊரையே கைகழுவச் சொல்றாங்கடா!"

"ஃபார்மாலிட்டி. சொல்லு."

"ஆயுதம் ஏந்துவேன்னு வேற வருது. தங்கச்சி கல்யாணத்துக்கு எதுக்குடா ஆயுதம்?"

"சொல்லித் தொலை!"

முடிஞ்சதும் ஜட்ஜ் சொன்னார்: "அமெரிக்காவின் புதிய குடிமக்களே, வாழ்த்துக்கள்!"

ஒரே கைதட்டல். பக்கத்துல ஒரு குஜராத்தி அங்கிள் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதார்.

நான் கொடியை மெதுவா பாக்கெட்டுக்குள்ள செருகினேன். நாங்க ரெண்டு பேரும் வேலைக்காக வந்த எச்-ஒன் விசா. கிரீன் கார்டுக்கு இன்னும் அப்ளை கூடப் பண்ணலை.

"டேய், நாம சிட்டிசன் ஆயிட்டோமா?"ன்னான் சந்துரு.

ஆபீஸ்ல கிரீன் கார்டுக்காக வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருக்கற அத்தனை பேரையும் நெனச்சேன். கையைத் தூக்கினா போதும்னு ஒருத்தனும் சொல்லலையே!

ஜட்ஜ் கீழ எறங்கி எல்லாருக்கும் கை குடுத்துக்கிட்டு வந்தார். எங்ககிட்ட வந்ததும் சந்துரு ஒரு கையில கொடி, இன்னொரு கையில கோர்ட்டுப் பேப்பர். "யுவர் ஆனர், என் பொண்ணோட பாஸ்போர்ட் விஷயம்..."

அவர் பேப்பரைப் படிச்சார். கண்ணாடியைக் கழட்டினார்.

"சார், குழந்தை, கல்யாணம், விவாகரத்து இதெல்லாம் ஸ்டேட் கோர்ட்டு விஷயம். உங்க ஹியரிங் இன்னிக்கு மத்தியானம் நியூ பிரன்ஸ்விக்ல. நான் ஃபெடரல் ஜட்ஜ். ஃபேமிலி விஷயத்துல எனக்கு என் வீட்டுலயே அதிகாரம் கெடையாது."

"அப்போ நாங்க கையைத் தூக்கினது?"ன்னு நான் மெதுவா கேட்டேன்.

"லிஸ்ட்டுல பேர் இல்லாம கையைத் தூக்கினா அதுக்குப் பேரு எக்சர்சைஸ்."

அதுக்குள்ள மத்தியானம் ஆயிடுச்சு. டர்ன்பைக் ஹைவேல பறந்தோம். லேட்டானா எப்படி அப்பீல் பண்ணலாம்னு நான் விளக்கிக்கிட்டே வந்ததுல எக்ஸிட்டைத் தாண்டிப் போயிட்டேன். அடுத்த எக்ஸிட்ல எறங்கி, திரும்பி வந்து, பார்க்கிங் தேடி, ஓடினோம்.

கேஸை ரெண்டு தடவை கூப்பிட்டாச்சாம். மனு போட்டவனே வரலைன்னா தள்ளுபடி பண்ணியிருப்பாங்க. ரேகாதான் தடுத்திருக்கா. "வந்துடுவார் மேடம். ஃப்ரெண்டு கூட வர்றார், அதான் லேட்"னு சொல்லியிருக்கா.

இந்த ஜட்ஜ் ஒரு வயசான அம்மா. "எங்க போனீங்க?"ன்னாங்க.

சந்துருவுக்குப் பொய் வராது. "நெவார்க்ல சிட்டிசன்ஷிப் பிரமாணம் எடுத்துட்டிருந்தோம்."

"வாழ்த்துக்கள்."

"இல்ல மேடம், எங்களுக்குக் கெடைக்கலை."

அந்த அம்மா அதுக்கு மேல அதைக் கேக்கலை. ரேகா பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன பயம்?"னாங்க.

நான் டக்குனு எழுந்து, "அப்ஜெக்ஷன்!"னேன்.

"நீங்க வக்கீலா?"

"ப்ரோக்ராமர்."

"உக்காருங்க."

உக்காந்தேன்.

ரேகா மெதுவா சொன்னா: "அவர் கெட்டவர் இல்லை மேடம். யார் எதைச் சொன்னாலும் கேட்டுடுவார், அதான் பயம். ஊர்ல அவங்க வீட்டுல 'குழந்தையோட இங்கயே இருந்துடு'ன்னா, மாட்டேன்னு சொல்ல வராது அவருக்கு. இன்னிக்கு நெவார்க் போனதே யார் சொல்லின்னு கேளுங்க."

கோர்ட்டுல இருந்த அத்தனை கண்ணும் என் மேல. அடப்பாவி! சந்துருவுக்கு எதிரான ஒரே சாட்சி நான்தான்!

நித்யா அத்தை கல்யாணத்துக்குப் போக முடியாம போனா அதுக்கு நான்தான் காரணம். சந்துரு எழுந்தான். அன்னிக்கு மொத தடவையா என் மூஞ்சியைப் பாக்காம பேசினான்.

"உண்மைதான் மேடம். நான் எல்லார் பேச்சையும் கேப்பேன். ஆனா போன வருஷம் கலிபோர்னியாவுல பெரிய வேலை வந்துச்சு. வீட்டுல 'போ'ன்னாங்க, இவனும் 'போ'ன்னான். நான் போகலை. பொண்ணு இங்க இருக்கா. அவ அம்மா இல்லாம அவ இருக்க மாட்டா. அவ இல்லாம நான் இருக்க மாட்டேன்."

ரேகா நிமிர்ந்து பாத்தா. "கலிபோர்னியா வேலையா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ கேக்கலையே."

ஜட்ஜ் பேனாவை எடுத்தாங்க. 

ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டணும், ஈரோட்டு ஃபோன் நம்பர் குடுக்கணும், ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள திரும்பணும்னு சொல்லி ஜட்ஜ் பர்மிஷன் குடுத்துட்டாங்க. ரேகா மறுப்பே சொல்லலை.

வெளிய காரிடார்ல ரேகா ஹேண்ட்பேக்லேர்ந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவன் கையில குடுத்தா. "நித்யாவுக்கு அங்க தண்ணி ஒத்துக்காது. காய்ச்சிக் குடுங்க"ன்னா. அவன் தலையாட்டினான்.

அப்புறம் என்னைப் பாத்தா.

"அண்ணா, செப்டம்பர்ல இன்னொரு ஹியரிங் இருக்கு."

"கண்டிப்பா வந்துடறேம்மா!"

"அதுக்குத்தான் இப்பவே சொல்றேன். அன்னிக்கு ஆபீஸ் போயிடுங்க."