புகைக் கிராணி வைத்த பரீட்சை

கேமரன் மலையில் எதுவும் தீப்பிடிக்காது என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். துவைத்த துண்டு மூன்று நாளாகியும் காயாத ஊரில் கடை எப்படி எரியும்?

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் புகைக் கிராணி. எங்கள் ஊர் பிரிஞ்சாங்கில் அவர் மூக்கு நுழையாத கடையே கிடையாது. தேயிலைத் தொழிற்சாலையில் இலை காயவைக்கும் அடுப்பைக் காவல் காத்து ஓய்வுபெற்றவர். கிராணி உத்தியோகம், அதாவது தோட்டத்துக் கணக்கர் வேலை, ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. சட்டைப்பையில் எப்போதும் நோட்டு வைத்திருந்ததால் ஊர் கொடுத்த பட்டம் அது. முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு எழுந்துபோய் பிளக்கைத் தொட்டுப் பார்த்து, "சுடுது" என்று எழுதிக்கொள்வார். ஒரு கல்யாணத்தில் வாழ்த்தப் போனவர், ஹோமகுண்டத்துக்கும் பந்தல் துணிக்கும் நடுவே சாண் அளந்துகொண்டிருந்தார். ஐயர் மந்திரம் மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தொல்லை தாங்காமல், என் சாப்பாட்டுக் கடையில் தீ ஆபத்து உண்டா என்று நானே சோதித்துவிட முடிவு செய்தேன். போனில் தீப் பாதுகாப்புக் கேள்விகள் அடங்கிய ஒரு பாரம் கிடைத்தது. கல்லாவில் உட்கார்ந்து, தே தாரிக் டீ ஆறுவதற்குள் எல்லாக் கேள்விக்கும் 'சரி' போட்டு அவரிடம் நீட்டினேன்.

"நீயே ஆக்கி, நீயே தின்னு, நீயே ருசின்னு சொல்லிக்கிட்டியா?"

"என் கடைலா அண்ணே. எனக்குத் தெரியாதா?"

"சொந்தமாப் பாக்கறது தப்பில்ல தம்பி. மொதலாளி பாக்காம வேற எவன் பாப்பான்? ஆனா குந்துன எடத்துலேருந்து பாக்காத. வா."

சமையலறைக்குக் கூட்டிப்போய், என் தோள்துண்டாலேயே என் கண்ணைக் கட்டினார். "கரண்டு போயிருச்சு. ஒரே புகை. பின்கதவு வழியா வெளிய போ."

பத்து வருஷமாகப் புழங்கும் அறை. மூன்றடி வைத்தேன், அரிசி மூட்டை. திரும்பினேன், ஃபிரிட்ஜில் தலை மோதியது. அடுப்புக்கு மேலே கொடியில் காயப்போட்டிருந்த ஈரக் காலுறை முகத்தில் விழ, யாரோ கழுத்தைப் பிடிப்பதாக நினைத்து, "ஐயோ மேகலா" என்று அலறினேன்.

"இங்கதாங்க இருக்கேன்," என்றாள் என் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "இன்னும் தீயே புடிக்கல."

கடைசியில் பின்கதவை அடைந்தேன். அதாவது, திரிங்காப்பிலிருந்து லோரியில் வந்த முட்டைக்கோஸ் பெட்டிகளை அடைந்தேன். கதவு அதற்கும் பின்னால். பாரத்தில் அதற்கும் 'சரி' போட்டிருந்தேன்.

கிராணி சிரிக்கவில்லை. "நாளு பூரா இங்க நிக்கிறது நீ இல்ல, அந்தப் புள்ள," என்று மேகலாவைக் காட்டிச் சொன்னார்.

அன்றே பெட்டிகளை நகர்த்தினேன். அடுப்புக்கு மேலிருந்த கொடியையும் அவிழ்க்கச் சொன்னார். அதை மட்டும் அவிழ்க்கவில்லை. துணி காய வேண்டுமே.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அந்தக் கொடி காய்ந்த துணிகளோடு அறுந்து, எரிகிற அடுப்பில் விழுந்தது. கல்லாவிலிருந்த நான் புகையைப் பார்த்ததும் மகா வீரனாகத் தெருவுக்கு ஓடினேன். தெருவில் நின்ற பிறகுதான் மேகலா உள்ளே இருப்பது உறைத்தது. திரும்பினால் வாசல் முழுக்கப் புகை. அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்த என்னைக் காலரைப் பிடித்துப் பின்சந்துக்கு இழுத்துப் போனார் கிராணி. ஓடிவந்த வேகத்தில் அவருக்கு ஒரு கால் செருப்பில்லை.

சமையலறை முழுக்க எரிந்துகொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. மேகலா சந்தில் நின்று இருமிக்கொண்டிருந்தாள்.