வழுக்கை விழுந்த பிரபு

வலது கட்டைவிரல் விண்விண்ணென்று தெறித்தது. பத்திரிகையில் அச்சடிக்க வேண்டிய கேலிச்சித்திரத்தைக் காலையிலிருந்து மரக்கட்டையில் செதுக்கிக்கொண்டிருந்த ஆமோஸ் டில்லட் கையை ஓர் உதறு உதறினான். உளி வழுக்கி, லார்டு ஹார்விங்டனின் சுருட்டை முடியில் பாதியை வழித்துக்கொண்டு போனது.

"ஐயையோ!"

பக்கத்து மேசை ஜெப்சன் எட்டிப் பார்த்தான். "டோரிக் கட்சித் தலைவருக்கே சவரமா? ஆசிரியர் பார்த்தா உன்னைத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க அனுப்பிடுவாருடா!"

மூட்டை தூக்கித்தான் ஆமோஸின் அப்பன் இடுப்பொடிந்து செத்தான்.

படத்தில், தொழிலாளிகளுக்கு இன்னும் கிடைக்காத ஓட்டுரிமையின் கதவு. உள்ளே நின்று பூட்டுகிறவர் ஹார்விங்டன். வெளியே நின்று தொழிலாளிகளை "வாங்க, வாங்க" என்று அழைக்கிறவர் எதிர்க்கட்சியான லிபரல் தலைவர் பெல்லோஸ். ஹார்விங்டனுக்குச் சுருட்டை முடி, நீள மூக்கு. பெல்லோஸுக்கு வழுக்கை, சப்பை மூக்கு. லண்டனுக்கே அதுதான் அடையாளம்.

"மறுபக்க முடியையும் கொஞ்சம் குறை. சமமாயிடும்," என்றான் ஜெப்சன்.

குறைத்தான். இந்தப் பக்கம் கூடியது, அந்தப் பக்கம் குறைத்தான். பிரபு முழு வழுக்கையானார்.

"உன் யோசனையில இடி விழ! கட்டையில வெட்டலாம், வெட்டினதை ஒட்ட முடியுமா?"

"கத்தாதே. துளை போட்டு வேற துண்டு அடை. அதுல முடி செதுக்கிக்கலாம்."

துளைக்கத் தொடங்கியதுமே கட்டை விரிசல் விட்டது. பிரபுவின் மூக்கு நுனி தெறித்து ஜெப்சனின் பீர்க் குவளையில் விழுந்தது. இப்போது உள்ளேயும் பெல்லோஸ், வெளியேயும் பெல்லோஸ்.

கதவு படாரென்று திறந்தது. அச்சுக்கூட மேஸ்திரி. "இயந்திரம் சும்மா நிக்குது, இங்க என்னய்யா அரட்டை!"

"அண்ணே, ஒரு நிமிஷம்..."

கட்டை அவர் கக்கத்தில் ஏறிப் போயே போய்விட்டது.

மறுநாள் காலை பத்திரிகை அலுவலக ஜன்னலில் ஈ மொய்ப்பதுபோல் கூட்டம். ஆமோஸ் மேசைக்கடியில் பதுங்கியிருந்தான்.

"எங்கேடா அந்த டில்லட்!" ஆசிரியர் கிரேஸ்டாக்கின் குரல்.

தவழ்ந்து வெளியே வந்தான். "முதலாளி, விரல் வலி..."

ஆசிரியர் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "லிபரல்காரங்க நம்ம பத்திரிகையை வண்டி வண்டியா வாங்குறாங்க. கூப்பிடுறது அவங்க தலைவராம்! டோரிக்காரங்களும் வண்டி வண்டியா வாங்குறாங்க. கூப்பிடுறது அவங்க பிரபுவாம், பூட்டுறதுதான் பெல்லோஸாம்!"

"அவருக்கு ஏது வழுக்கைன்னு கேக்கலையா?"

"கேட்டேன். மக்களுக்காகக் கவலைப்பட்டுக் கொட்டிப்போச்சாம்! உன் வேலைக்கு இனி ஆபத்தே இல்லைடா!"

ஜெப்சன் தொப்பியைத் தூக்கி எறிந்தான். "யோசனை யாரோடது? என்னோடது!"

அடுப்புக்குக் கரி மூட்டை இறக்க வந்த துறைமுகக் கூலி டாபின், முதுகை நிமிர்த்திக்கொண்டு படத்தையே பார்த்தான்.

"இதுல என்ன சண்டை? வெளியே நின்னு கூப்பிடுறவனும் உள்ளே நின்னு பூட்டுறவனும் ஒரே ஆளுன்னு எங்க துறைமுகத்துல எல்லாருக்கும் தெரியும் டில்லட்டு. உனக்கும் எனக்கும் அவன் தர வேண்டிய ஓட்டுரிமை இன்னும் பாக்கி."