நிலுவை வைக்காத மனிதர்

வேலை செய்கிறவன் ஒரு ரகம், செய்யாதவன் ஒரு ரகம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மூன்றாவதாக ஒரு ரகம் அமைச்சகங்களில் குடியிருக்கிறது. அதற்கு நான் வைத்த பெயர் 'விளக்கம் கேட்பவர்'.

நான் பெரிய படிப்பாளி இல்லை. பள்ளிக்கூடத்தை நான் விட்டது ஐந்தாம் வகுப்பில். அது என்னைக் கைவிட்டது அதற்கும் முன்பே. ஆனாலும் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையை ஒற்றை ஆளாக நின்று எழுப்பியவன். ஆள் நடந்து வருவதைப் பார்த்தே உழைப்பானா ஏய்ப்பானா என்று சொல்லிவிடுவேன். எனக்கே சுகாதார அமைச்சகத்தில் இருந்த இந்த ரகத்து மனிதர் ஒருவர் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அலுவலகத்துக்கு முதல் ஆளாக வருவார், நாற்காலியைத் துடைப்பார், காகிதம் பறக்காமலிருக்க மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பார், பேனாவை உதறிப் பார்ப்பார், சாயங்காலம் போகும்போது மேசை கழுவிவிட்ட தட்டு மாதிரி இருக்கும். லஞ்சமா? ஒரு தேநீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். 'முடியாது' என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. 'சரி' என்றும் சொன்னதில்லை. எந்தக் கோப்பு வந்தாலும் அதில் ஒரு சந்தேகத்தைக் கண்டுபிடித்து, ஓரத்தில் முத்து முத்தாக எழுதி, வந்த வழியே அனுப்பிவிடுவார்.

சூட்சுமமே அங்கேதான். அந்த அமைச்சகத்தில் திறமையை அளக்க ஒரு கணக்கு உண்டு: மேசையை விட்டுப் போன கோப்பு, முடிந்த கோப்பு. திருப்பி அனுப்பினால் ஒன்று முடிந்தது. விளக்கத்தோடு திரும்பி வந்தால் அது புதுக் கோப்பு. மறுபடி அனுப்பினால் இன்னொன்று முடிந்தது. என் பட்டறையில் எவனாவது ஒரே லாரியை வெளியே ஓட்டி, உள்ளே ஓட்டி, இரண்டு லாரி கட்டினேன் என்று வந்து நிற்கட்டும், அப்புறம் தெரியும்.

என் தங்கை அரசு மருத்துவமனையில் நர்ஸ். வேலை ஓர் ஊரில்; பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவர் இன்னோர் ஊரில். அவரைப் புரட்டிப் படுக்க வைக்கக்கூட ஆளில்லை. இடமாறுதல் கேட்டாள். கோப்பு நம்மவரிடம் போயிற்று. நானும் கூடப் போனேன்.

"வீட்டுக்காரர் படுக்கையில இருக்கார்னு எழுதியிருக்கீங்க. நிரந்தரமாவா, தற்காலிகமாவா?"

"அது எனக்கெப்படி சார் தெரியும்? எழுந்துட்டா நல்லதுதான்."

"அப்ப எழுந்துக்க வாய்ப்பிருக்கு. அதுக்கு டாக்டர்கிட்ட ஒரு விளக்கம் வாங்கிட்டு வந்துடுங்கம்மா."

வாங்கி வந்தாள். பார்த்துக்கொள்ள வேறு யாருமில்லையா என்று அடுத்த சந்தேகம். இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, மாத்துவியா மாட்டியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"நான் எப்பங்கய்யா மாட்டேன்னேன்? எங்கிட்ட ஒரு பேப்பர் தங்காது. வேணும்னா மேசையப் பாருங்க."

பார்த்தேன். தங்கவில்லைதான்.

ஊராருக்கெல்லாம் புண் துடைத்துக் கட்டுப் போடுகிறவள், தன் வீட்டு மனுஷன் முதுகெல்லாம் படுக்கைப்புண்ணாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் ராஜினாமாவை எழுதி நீட்டினாள். அதில் மட்டும் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அன்றைக்கே ஏற்றுக்கொண்டாயிற்று. வேலையே இல்லாதவளுக்கு இடமாறுதல் எதற்கு? அந்தக் கோப்பும் முடிந்தது. வார்டில் ஒரு நர்ஸ் குறைந்தாள்; அவர் கணக்கில் இரண்டு கூடிற்று. அந்த வருஷ நல்லாட்சி விழாவில் சிறந்த ஊழியர் கேடயம் அவருக்குத்தான்.

தங்கையிடம் போய்ச் சொன்னேன். கணவரைப் புரட்டிவிட்டுக்கொண்டே, "நல்ல மனுஷன்தாண்ணே. ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல" என்றாள். கேடயத்தைவிட அதுதான் எனக்கு எரிந்தது.

சிரிக்கிறீர்களா? வெளியூரில் போய்ப் படிக்கட்டுமா என்று உங்கள் மகள் கேட்டபோது நீங்கள் கூடாதென்றா சொன்னீர்கள்? சேச்சே. விடுதி எப்படி என்று விசாரிக்கச் சொன்னீர்கள். விசாரித்து வந்தாள். துணைக்கு யார் என்றீர்கள். தோழியைக் கூட்டி வந்து நிறுத்தினாள். அம்மா என்ன சொல்கிறாள் என்றீர்கள். கடைசியில் அவளே, "விடுங்கப்பா, இங்கயே படிச்சுக்கறேன்" என்று உள்ளே போய்விட்டாள். அப்போது உங்கள் நெஞ்சில் சில்லென்று ஒரு நிம்மதி இறங்கியதே, அதற்குத்தான் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். உங்களுக்கு விழா எடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.