பெண் பார்க்க ஒரு புது ஜட்டி

எல்லாம் தெரியும் என்று திரிகிறவனை ஊர் கூடித் திருத்த வேண்டியதில்லை. கொஞ்சம் பொறுத்தால் அவனே தன்னைப் பொசுக்கிக்கொள்வான். நான் பொசுக்கிக்கொண்ட இடம் நாலு பேர் மத்தியில் சொல்லக்கூடியது அல்ல.

எனக்கு முதுகெல்லாம் சொரியாசிஸ். தோல் தடித்துச் செதில் உதிரும்; யாருக்கும் ஒட்டாது (சொந்தக்காரர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் இது தெரியும்). தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மா புற ஊதா ஒளிச் சிகிச்சை கொடுத்தார். பீரோ மாதிரி ஒரு பெட்டி, உள்ளே சுற்றிலும் டியூப்லைட். கறுப்புக் கண்ணாடியும் ஜட்டியுமாக உள்ளே நிற்க வேண்டும். தோல் பழகப் பழக ஒளியின் அளவைக் கூட்டுவார்கள்.

"எப்பவும் ஒரே மாதிரி ஜட்டி போட்டுட்டு வாங்க. தொடை வரைக்கும் மூடினா கடைசி வரைக்கும் அதேதான். புரியுதா?" என்றார் டாக்டர்.

"இதைப் பத்தி நிறையப் படிச்சிருக்கேன் டாக்டர்" என்றேன். அலைநீளம் பற்றி நாவலூர் ஆபீஸ் கேன்டீனில் வகுப்பே எடுத்துக்கொண்டிருந்த மேதை நான். என்னிடம் போய் ஜட்டியைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிரிப்பு வேறு.

முதுகு தெளிந்ததும் அம்மா மாடம்பாக்கத்தில் பெண் பார்த்துவிட்டாள். ஞாயிறு காலை போக வேண்டும்.

"தோல் விஷயம் பேசாத. நல்ல இடம்டா, கெடுத்துடாத. உள்ளயும் வெளியயும் எல்லாமே புதுசா போட்டுக்க."

புதுசு வாங்கினேன். உள்ளங்கை அகலத்தில், விளம்பர மாடல் போடுகிற ஜட்டி. ஞாயிறு வரை பொறுக்காமல் சனிக்கிழமை சிகிச்சைக்கே போட்டுக்கொண்டு போனேன். அதுவரை வெளிச்சமே பார்க்காத தொடையும் அதற்குப் பின்னால், சற்று மேலேயுள்ள பிரதேசமும், பழகிய முதுகுக்கான முழு அளவையும் வாங்கிக்கொண்டன. சாயங்காலம் சிவந்தது. விடிந்தபோது சுட்ட கத்தரிக்காய்.

"உட்காருங்க தம்பி" என்று ரெக்சின் சோபாவைக் காட்டினார் பெண்ணின் அப்பா.

"பரவால்ல சார், நிக்கிறேன்."

அம்மா பாய்ந்து வந்தாள். "பெரியவங்க முன்னாடி உட்கார மாட்டான். அப்படியே வளர்த்துட்டேன்." (அப்பா வந்தால் சோபாவில் நீட்டிய காலைக்கூட மடக்காதவன் நான்.)

அவர் உருகி எழுந்தார். "அப்ப நான் மட்டும் உட்கார்ந்தா நல்லாவா இருக்கு?" அவர் எழவே அவர் மனைவி எழுந்தார்; என் அப்பா, அம்மா, பெண்ணின் தம்பி, எல்லோரும் எழுந்தார்கள். காபித் தட்டோடு வந்த பெண் நித்யா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னப்பா, தேசிய கீதமா?"

தனியாகப் பேச மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை அவள் இழுத்துப் போட்டாள். "இங்க பெரியவங்க யாருமில்ல. உட்காருங்க."

அந்த நாற்காலியைப் பார்த்ததும் என் வீரம் முடிந்தது. சொரியாசிஸ், பெட்டி, டாக்டர், ஜட்டி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இனி கீழே போய் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று மட்டும்தான் கவலை.

"சொரியாசிஸ் ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "டாக்டர் சொன்னது ஒரே ஒரு விஷயம். அதைக் கூடவா கேட்க மாட்டீங்க?" பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கீழே போய் அறிவித்தாள்: "எல்லாத்தையும் சொல்லிட்டார். எனக்குச் சம்மதம். முதல்ல அவருக்கு ஒரு தலகாணி குடுங்க."

இன்றைக்கும் நான் மாடம்பாக்கம் போனால் மாமனார் வீட்டில் மொத்தப் பேரும் எழுந்து நிற்கிறார்கள். மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை என்று அக்கம்பக்கத்தில் வியப்பார்கள். நான் வலியில்லாமல் உட்காருகிறேனா என்று பார்த்த பிறகுதான் அவர்கள் உட்காருவார்கள்.