தட்டிக்குப் பின்னால் ஒரு சித்தப்பா

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இதுவரை பிறந்தவர்களில், மாட்டைத் திட்டிவிட்டு அதன் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, சமாதானம் பேச ஆள் அனுப்பியவர் ஒருவர்தான். அனுப்பப்பட்ட ஆள் நான். அப்போது எனக்கு ஐந்தோ ஆறோ வயது.

"பாப்பா, நீ போயி செவலைகிட்ட சொல்லு. சித்தப்பா ஏதோ கோவத்துல பேசிட்டாரு, மனசுல வச்சிக்காதேன்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்களேன்."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அது முன்னாடி போயி நிக்கிறது? காலைல அவ்வளவு பேசியிருக்கேன்."

போய்ச் சொன்னேன். செவலை வைக்கோலை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டது. திரும்பி வந்து, "சரின்னுச்சு" என்றேன். அதற்குப் பிறகுதான் மனிதர் சாப்பிட உட்கார்ந்தார்.

அவர் என் அப்பாவின் தம்பி. ஊர் அவருக்கு வைத்த பெயர் 'தட்டி'. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் அதை அவர் தன் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள், வாத்தியார் "உன் பேர் என்னடா?" என்று கேட்டாராம். அத்தனை பிள்ளைகள் நடுவில் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, எழுந்து ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்துவிட்டார். படிப்பு அத்துடன் முடிந்தது. அப்பா பள்ளிக்கூட வாசல் வரை கூடப் போகவில்லை. ஆக, எங்கள் குடும்பத்தில் தன் பெயரைத் தானே எழுதிய முதல் ஆள் நான்தான். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தைத் தலைநிமிர விடாமல் குனிய வைப்பதையே சித்தப்பா ஒவ்வொரு வருஷமும் மாசி, பங்குனியில் முழுநேரத் தொழிலாக வைத்திருந்தார்.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே எங்களுக்குச் சின்னதாக ஒரு வயலும் வாழைத்தோட்டமும் இருந்தன. தை அறுவடை முடிந்து மாசி பிறந்தால் ஆறு மணலாகிவிடும், வாய்க்கால் காய்ந்துவிடும். ஊரில் எல்லாரும் வரப்பு வெட்டுவார்கள், குளத்து வண்டலை வயலுக்கு அடிப்பார்கள், மாட்டுக் கொட்டகைக்குக் கீற்று மாற்றுவார்கள். சித்தப்பாவும் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்வார். செய்து முடித்த கையோடு சொந்தமாக ஒரு வேலை தொடங்குவார். அது தோற்றுப்போனால் யாராவது பார்த்துவிடுவார்களே என்ற வெட்கத்தில், தென்னங்கீற்றை முடைந்து மூங்கிலில் கட்டி, ஆளுயரத்துக்குச் சுற்றிலும் தட்டி நிறுத்திவிடுவார். வேலை உள்ளே நடக்கும்.

தோட்டத்தில் திறந்தவெளியில் எதை நட்டிருந்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். தட்டி கட்டியதால் கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள்கூட நின்று எட்டிப் பார்த்தார்கள். மதகடி டீக்கடையில் மாசி முதல் தேதியிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும். "என்னப்பா, தட்டி இந்த வருஷம் உள்ள என்னா வச்சிருக்கான்?"

ஒரு வருஷம் வாத்து வளர்த்தார். அவை தட்டியின் அடியில் புகுந்து வெளியேறி, கொள்ளிடக் கரையில் மேய்ந்துகொண்டிருந்த வேறொருவரின் வாத்துக் கூட்டத்தில் கலந்துவிட்டன. சித்தப்பா தன் வாத்துகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுபிடித்தார். ஆனால் மேய்ப்பவரிடம் போய்க் கேட்கக் கூச்சம். கரையில் நின்று, பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் "பேக், பேக்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். வாத்துகளுக்கும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் முட்டைக்கோஸ். ஊட்டியிலிருந்து யாரோ விதை கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். திருச்சி வெயிலில் கோஸ் எங்கே உருண்டையாவது? இலைகள் ஆளுக்கொரு பக்கம் விரிந்து கிடந்தன. பார்க்கிறேன் பேர்வழி என்று அப்பா ஒருநாள் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், ஒவ்வொரு செடியையும் வாழைநாரால் சுற்றி இறுக்கிக் கட்டி உருண்டையாக்கி வைத்திருந்தார் சித்தப்பா.

"என்னடா இது, கோஸா? தலைவலிக்குக் கட்டுப் போட்டாப்ல இருக்கு."

"வெயில் தாழ்ந்ததும் அதுவா சரியாயிரும்ணே. அதுவரைக்கும் பாக்க லட்சணமா இருக்கட்டும்னு."

அந்தக் கோஸ்தான் எங்கள் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்தது. பூச்சி வராமலிருக்க உள்ளே வேப்பிலை போட்டுப் புகைமூட்டம் வைத்திருந்தார். கண்பட்டுவிடக் கூடாது என்று தட்டியின் முகப்பில் குங்குமம் தடவிய பூசணிக்காய் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அன்று பங்குனி உத்திரம். வடகரை ஊர்களிலிருந்து ஜனங்கள் கொள்ளிடத்து மணலில் இறங்கி நடந்து, எங்கள் வரப்பு வழியாகத்தான் ஸ்ரீரங்கத்துக்குப் போவார்கள். வந்தவர்கள் பார்த்தார்கள். நாலு பக்கமும் மறைப்பு, உள்ளே புகை, வாசலில் குங்குமம்.

"திரை போட்டிருக்கு. நைவேத்தியம் ஆவுது போல. சித்த இருப்போம்" என்று ஒரு அம்மாள் உட்கார்ந்தாள். திரை போட்டிருந்தால் காத்திருக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அவளைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். ஒருவர் கற்பூரம் ஏற்றினார். சித்தப்பா உள்ளே கோஸ்களுக்கு நடுவில் குத்துக்காலிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து "இது கோஸுங்க" என்று சொல்கிற துணிச்சல் அவருக்கு ஏது?

அந்த அம்மாள் வேண்ட ஆரம்பித்தாள். "சாமி, எம்மவளுக்குக் கல்யாணமாயி இத்தனை வருசமாச்சு. ஒரு புள்ளையக் குடு சாமி." மறுபடி கேட்டாள். பிறகு அழுதாள். யாராவது அழுதால் சித்தப்பாவால் தாங்க முடியாது. நீண்ட நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொல்லிவிட்டார்.

"ஆகட்டும்மா."

அத்தனை ஜனமும் வரப்பில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. சித்தப்பா பின்பக்கத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு ஓடி வாழைத்தோப்பில் படுத்தவர், இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தார்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் பரவாயில்லை. மறு பங்குனியில் அந்த அம்மாள் மகளோடும் கைக்குழந்தையோடும் பொங்கல் பானையோடும் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"இங்க பேசுற சாமி இருந்துச்சே, எங்கீங்க?"

அப்பா கொட்டகைப் பக்கம் பார்த்தார். "சாமி... மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கு" என்றார்.

"புள்ளைக்கு அது பேரைத்தான் வைக்கிறதுன்னு வேண்டிக்கிட்டோம். சாமி பேரு என்னங்க?"

அவசரத்தில் அப்பாவுக்கு வேறு பெயர் தோன்றவில்லை. தம்பியின் நிஜப் பெயரையே சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூசிய பெயரை, இன்று கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு பையன் வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பான்.

விஷயம் ஸ்ரீரங்கத்தில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடம் வரை வந்தது. "ஏய், உங்க தோட்டத்துல சாமி பேசுமாமே? எனக்குக் கணக்குல மார்க்கு வருமான்னு கேட்டுச் சொல்லேன்" என்பார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் முதலில் கையைத் தூக்குகிற நான், அந்த மாதங்களில் கையை மடியில் வைத்துக்கொண்டேன். பரம்பரையில் முதன்முதலாகப் படிக்க வந்தவள் என்று டீச்சர் என்னைக் காட்டிச் சொல்லும்போது, பின் வரிசையில் யாராவது "சாமி வீட்டுப் பொண்ணு" என்று முணுமுணுப்பார்கள். காது வரை சுடும்.

சித்தப்பாவோடு சம்பந்தமில்லாத இன்னொரு அவமானமும் எனக்கு இருந்தது. எங்கள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் வாய்க்கால். ஆனியில் காவிரித் தண்ணீர் வந்துவிட்டால் முழங்காலுக்கு மேல் ஓடும். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கித்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும். கொஞ்சம் தள்ளி மதகுக் கட்டையில் வேலைவெட்டி இல்லாத ஆண்கள் சிலர், அந்த நேரத்துக்கென்றே வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் விசில் அடிப்பான். அவர்கள் பார்க்கக் கூடாதென்று பாவாடையைத் தாழ்த்துவேன், அது நனைந்துவிடும். வகுப்பில் என் காலடியில் தண்ணீர் குட்டையாகத் தேங்கும். பக்கத்துப் பெண் காலை நகர்த்திக்கொள்வாள். இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் பாவாடையைப் பிழிந்துகொண்டே செவலையிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

எஸ்.எஸ்.எல்.சி.க்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அந்தப் பங்குனியில் அப்பா, "படிச்ச வரைக்கும் போதும் பாப்பா, நின்னுக்க" என்றார். காரணம் சொல்லவில்லை. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு கணக்கு டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "நான் வந்து பேசறேன்" என்றார் டீச்சர். சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கோ அவர் வராமலிருந்தால் தேவலை என்று இருந்தது. ஏனென்றால் சித்தப்பா அந்த வருஷம் தட்டி கட்டியிருந்த இடம், வீட்டுக்கு நேர் எதிரே, காய்ந்த வாய்க்காலுக்கு உள்ளேயே. "தட்டி இப்ப வாய்க்கால்லயே கோயில் கட்டுறான்" என்று டீக்கடையில் முடிவு செய்திருந்தார்கள்.

டீச்சர் ரோட்டில் குதிரை வண்டியை நிறுத்திவிட்டு, தட்டியைச் சுற்றிக்கொண்டு மணலில் இறங்கி ஏறி வந்தார். அப்பா வாய்க்கால் கரையில் பூவரச மரத்து நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டார். பக்கத்திலேயே தட்டி. உள்ளே மண்வெட்டிச் சத்தம் சட்டென்று நின்றது.

"அங்க என்ன நடக்குது?" என்று டீச்சர் கேட்டார்.

"எந்தம்பிங்க. ஒண்ணுமில்ல, சும்மா ஏதாச்சும் பண்ணுவான்" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாப் படிக்கிற பொண்ணு. ஏன் நிறுத்துறீங்க?"

"படிப்பு மேல எனக்கு என்னாங்க டீச்சரம்மா ஆட்சேபணை? ஆனி பொறந்தா வாய்க்கால்ல தண்ணி வந்துரும். வயசுக்கு வந்த பொண்ணு பாவாடையத் தூக்கிக்கிட்டு எறங்குது. மதகுல உக்காந்து நாலு பேரு பாக்குறான். போன வருசம் நானே பாத்தேன். பெத்தவன் எப்பிடிங்க அதைப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

"சுத்துவழி இல்லையா?"

"இருக்கு. அந்த மதகு மேலதான் போவணும்."

"பாலம் போடச் சொல்லிக் கேக்கலாமே?"

"கேட்டாச்சுங்க. ஒத்த வீட்டுக்குப் பாலம் கெடையாதுன்னுட்டாங்க."

டீச்சர் எழுந்தார். கைப்பையைச் சரிசெய்துகொண்டார். என் படிப்பு அந்தக் கட்டிலின் மீதே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சத்தம் வராமல் அடக்கப் பார்த்தும் ஒரு விம்மல் வெளியே வந்துவிட்டது.

தட்டிக்குள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"ஆகட்டும்."

டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினார். அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "டேய், வெளிய வா."

"டீச்சர் இருக்காங்கண்ணே."

"இருந்தா என்னா?"

"சட்டை போடல."

"இப்ப வர்றியா, நான் வந்து தட்டியப் பிரிக்கட்டுமா?"

"பிரிக்காதீங்கண்ணே. அது பிரிக்கிற தட்டி இல்ல."

அப்பா எழுந்து போய், கரையோரம் சாத்தியிருந்த முன் தட்டியை மட்டும் நகர்த்தினார். அப்படியே நின்றுவிட்டார். நாங்களும் போய்ப் பார்த்தோம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இரண்டு தென்னைமரங்களைக் கிடத்தி, மேலே மூங்கிலை நெருக்கமாக அடித்து, மண் போட்டுக் கெட்டியாக்கியிருந்தார். இரண்டு பக்கமும் என் தலைக்கு மேலே உயரும்படி, ஒரு ஓட்டை இல்லாமல், புதுக்கீற்றுத் தட்டி. எல்லா வருஷமும் வேலையை மறைக்கத்தான் தட்டி கட்டுவார். அந்த வருஷம் தட்டியே வேலை.

சித்தப்பா அதற்குள் அக்கரை வழியாக இறங்கி ஓடியிருந்தார். வாழைத்தோப்புப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது. "தண்ணி வந்தாலும் பாப்பாவுக்குக் கால் நனையாது. எவனும் பாக்கவும் முடியாது. அது செவலைகிட்ட சொன்னப்ப நான் கொட்டாய்க்குப் பின்னாலதான் இருந்தேன்."

டீச்சர் அப்பாவைப் பார்த்து, "இப்ப என்ன சொல்றீங்க?" என்றார்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் என்னாங்க சொல்றது? அதான் சாமியே சொல்லிருச்சே."

ஆனியில் தண்ணீர் வந்தது. காய்ந்த பாவாடையோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். மதகுக்காரர்களுக்குக் கீற்றைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சில நாளில் சலித்துப்போய் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆடிக் காற்று தட்டியைப் பிய்த்து எறியும். நான் கிளம்புவதற்குள் சித்தப்பா திரும்பக் கட்டியிருப்பார். பிறகு ஊரில் வெட்கப்பட வேண்டியவர்கள் எல்லாரும் எங்கள் பாலத்தைத்தான் பயன்படுத்தினார்கள். பரீட்சையில் ஃபெயிலான பையன்கள், மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளைகள், நாடகம் பார்த்துவிட்டு விடிந்தபின் திரும்புகிற பெரியமனிதர்கள்.

இப்போது நான் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவுக்கு ஊருக்குப் போனால் சித்தப்பா எதிரே வரமாட்டார். படித்துப் பெரிய ஆளாகிவிட்டேனாம், கூச்சமாக இருக்கிறதாம். தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று, "வந்துட்டியா?" என்பார். நானும் தட்டியைப் பார்த்துக்கொண்டே, "வந்துட்டேன் சித்தப்பா" என்பேன்.

இந்தப் பத்திரிகை எங்கள் ஊர் மதகடி சலூனுக்கு வாராவாரம் வருகிறது. அங்கே ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்பது வழக்கம். விஷயம் தெரிந்தால் சித்தப்பா அந்தப் பக்கமே வரமாட்டார். ஆனால் எங்கேயாவது ஒரு மறைப்புக்குப் பின்னால் கட்டாயம் நின்றிருப்பார். படிக்கிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் வாய்க்கால் பக்கமாகத் திரும்பி, உரக்கப் படியுங்கள்.