காரணம்: ஒன்று மட்டும்

துறைமுக வீதியில் உள்ள அரச அலுவலகமொன்றில் மூன்றாம் கவுண்டரில் இருக்கும் இலிகிதர் பரீனா, கிண்ணியாவிலிருந்து தினமும் வருகிறவர். சென்ற மாதம் அவருடைய வாய்க்குள் நாலு புண்ணும் இரண்டு கொப்புளமும் வந்தன. தண்ணீர் பட்டாலே கண் கலங்கியது.

வைத்தியர் கடிதம் கொடுத்தார். உடைந்த பல்லின் கூர் உரசியிருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவாயிருக்கலாம், மன அழுத்தமாயிருக்கலாம், கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடித்ததாயிருக்கலாம், வைரசாயும் இருக்கலாம்; பல் வைத்தியரிடம் காட்ட இரண்டு நாள் லீவு கொடுக்கவும் என்று எழுதியிருந்தார்.

நிர்வாக உத்தியோகத்தர் துவாரகன் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“படிவத்தில காரணத்துக்கு ஒரு கட்டம்தான் இருக்குது. நீங்கள் அஞ்சு கொண்டு வந்திருக்கிறீங்கள்.”

பரீனா பல்லைத் தொட்டுக் காட்டினார். பல் என்றால் அது சொந்த உடைமைக்கு வந்த சேதம், லீவு இல்லை என்றார் துவாரகன். மன அழுத்தம் என்று எழுதினால் அலுவலகம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். தேத்தண்ணி என்றால் சிற்றுண்டிச்சாலைக் குழுவுக்கு அனுப்பவேண்டும். ஆகவே, சரியான காரணத்தைக் கண்டறிய மூவர் குழு நியமிக்கப்பட்டது. குழு பரீனாவை அழைத்து வாய்மொழி வாக்குமூலம் கேட்டது. வாய் திறக்க ஏலாமல் அவர் தலையை ஆட்டினார். ‘விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று பதிந்துகொண்டு, குழு அடுத்த மாதத்துக்கு ஒத்திப்போட்டது.

இதற்கிடையில் மூன்றாம் கவுண்டரில் ஓர் அதிசயம் நடந்தது. முன்பெல்லாம் பரீனா “நாளைக்கு வாங்கோ”, “ஐயா கூட்டத்தில” என்று சொல்லி ஆட்களை அனுப்பிவிடுவார். இப்போது சொல்ல ஏலாது. எழுதிக் காட்டுவதைவிட, வந்தவரின் வேலையை முடித்துக் கொடுப்பது லேசாயிருந்தது. மீன்பிடிகாரனான நான் ஆறு தரம் அலைந்த தோணி அனுமதிப் பத்திரம் பத்து நிமிசத்தில் கைக்கு வந்தது. தூரத்து வெருகலிலிருந்துகூடச் சனம் வந்து, மற்றக் கவுண்டர்களை விட்டுவிட்டு அங்கே நின்றது.

இரண்டாம் கிழமை பரீனாவின் கன்னம் வீங்கிவிட்டது. ஒரு கையால் அதைப் பொத்திக்கொண்டு மறு கையால் வேலை செய்தார். லீவு கிடைத்துவிடும் போலிருக்குது என்று வரிசையில் ஒரு கதை பரவியது. எங்களுக்குப் பதற்றமாகிவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் முத்துலிங்கம் நின்ற நிலையிலேயே ஒரு மனு எழுதினார்: ‘பொதுமக்கள் நலன் கருதி, மேற்படி குழு அவசரப்படாமல் தீர விசாரிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ ஐம்பத்திமூன்று பேர் ஒப்பம் வைத்தோம்.

மனுக்களைப் பொறுப்பெடுப்பதும் மூன்றாம் கவுண்டர்தானாம். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பரீனா அதை முதல் வரியிலிருந்து கடைசிப் பேர் வரை வாசித்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இலக்கமிட்டு, ஒரு நிமிசமும் தாமதிக்காமல் மேலே அனுப்பிவைத்தார்.